பாட்டி பெயரின் விலை 2,800 டாலர்

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தைப்பிங்கிலிருந்து ஒரு வாடிக்கையாளர் என் அத்தையைத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, உங்க முறுக்குப் பாக்கெட்டுல போட்டிருக்கிற அகப்பக்கத்த என் பையன் தட்டிப் பார்த்தான். என்னமோ சூதாட்டப் படமா வருது. கடைய வித்துட்டீங்களா?" என்று கேட்டார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் மாவு. பக்கத்தில் நின்ற என்னிடம் கைப்பேசியை நீட்டி, "தம்பி, நீதானே பல்கலைக்கழகத்துல படிக்கிற, என்னன்னு பாரு" என்றார். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள்.

பார்த்தேன். உண்மைதான். என் பாட்டியின் பெயரைத் தாங்கிய அந்த டாட் காம் முகவரியில் அதிரசமும் இல்லை, அச்சு முறுக்கும் இல்லை. சுழலும் சக்கரங்களும் தங்கக் காசுகளும் மின்னின. பக்கத்தின் அடியில், 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அத்தையின் கடை சுங்கைப்பட்டாணியில் 1998ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தொடக்கத்தில் வீட்டுச் சமையலறையில் இரண்டு அடுப்பு. இன்று ஆறு பெண்கள் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறை. முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம், கறித்தூள். எல்லாப் பொட்டலத்திலும் பாட்டியின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை கொஞ்சம் விநோதமானது. பாட்டியின் அடையாள அட்டைக்குத் தோட்டத்துக் கிராணி ஒருவர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதிக் கொடுத்தாராம். தேவையில்லாத இடத்தில் ஒரு 'எச்', ஒரு எழுத்து இரட்டித்து வரும். அப்படி எழுதுகிறவர் நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அத்தை அதைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அதனால்தான் 2014இல் அகப்பக்கம் செய்தபோது அந்த டாட் காம் பெயர் யாரும் எடுக்காமல் இருந்தது.

அகப்பக்கத்தைச் செய்து கொடுத்தவர் எங்கள் வட்டாரத்து இளைஞர். அறுநூறு ரிங்கிட் வாங்கினார். வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் பெயரைத் தம்முடைய பெயரில், தம்முடைய மின்னஞ்சலில் பதிந்துகொண்டார். ஏமாற்ற வேண்டும் என்று செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அத்தையிடம் அப்போது மின்னஞ்சலே கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தவர், பிறகு வேலை மாறி, எண்ணும் மாறி, எங்கோ போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறக்காத ஏதோ ஒரு மின்னஞ்சல் பெட்டியில் போய் விழுந்திருக்கும்.

இணையப் பெயர் என்பது யாருக்கும் சொந்தமான பொருள் அல்ல என்பதை அன்றுதான் நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். அது வாடகை வீடு மாதிரி. ஆண்டு வாடகை பத்துப் பன்னிரண்டு அமெரிக்க டாலர்தான். ஆனால் கட்டத் தவறினால் வெளியே போக வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஒரு வரிசை உண்டு. தவணை முடிந்தபின் பதிவு நிறுவனம் 45 நாள் வரைக்கும் வைத்திருக்கலாம். அதன்பின் மீட்புக் காலம் 30 நாள். அதற்குள் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். பிறகு 5 நாள் கழித்துப் பெயர் அழிக்கப்பட்டுச் சந்தைக்கு வரும். அப்படி விழும் பெயர்களை விழுந்த நொடியிலேயே பிடிக்கக் கணினிகளை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. சில பெயர்கள் அந்தக் கட்டத்திற்குக்கூடப் போவதில்லை. பதிவு நிறுவனமே முன்னதாக ஏலம் விட்டுவிடுகிறது. ஆக, மொத்தம் ஏறத்தாழ இரண்டரை மாத அவகாசம் எங்களுக்கு இருந்திருக்கிறது. அந்த இரண்டரை மாதமும் நாங்கள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தோம்.

பெயரை இப்போது வைத்திருப்பவர் யார் என்று தேடினால் கிடைக்காது. முன்பு பதிவேட்டில் பெயரும் முகவரியும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். ஐரோப்பாவில் 2018இல் தனிநபர் தரவுச் சட்டம் நடப்புக்கு வந்தபிறகு அந்த விவரங்களை மறைத்துவிட்டார்கள். இடைத்தரகர் நிறுவனத்தின் படிவத்தில் எழுதிக் கேட்கலாம், அவ்வளவுதான். நான் ஒரு புது மின்னஞ்சலிலிருந்து, கடைப் பெயரைச் சொல்லாமல், 'விலை என்ன?' என்று மட்டும் கேட்டேன். 950 அமெரிக்க டாலர் என்று பதில் வந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்.

அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தையின் மகன், என் மச்சான், கொஞ்சம் கோபக்காரர். கடையின் மின்னஞ்சலிலிருந்தே அவர் ஒரு கடிதம் அனுப்பினார். இது என் பாட்டியின் பெயர், இருபத்தைந்து ஆண்டு வணிகம், பத்தாயிரம் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறோம், உடனே திருப்பிக் கொடு, இல்லையென்றால் நீதிமன்றம் என்று நீளமாக எழுதிவிட்டார். மறுநாள் விலை 2,800 டாலர் ஆகிவிட்டது. பதின்மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். மச்சான் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் அந்த ஒவ்வோர் உண்மையும் எதிராளிக்கு ஒரு விலைப்பட்டியல் ஆகிவிட்டது.

இப்படிப் பிறர் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'சைபர் ஸ்குவாட்டிங்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே உறுத்துகிறது. ஸ்குவாட்டர் என்றால் நம் நாட்டில் யார் நினைவுக்கு வருகிறார்கள்? தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள்தான். புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள்; அரசாங்கக் கடிதத்தில் 'செத்திங்கான்' என்று அவர்களை எழுதினார்கள். என் பாட்டியும் அப்படி ஒரு வீட்டில் பதினோரு ஆண்டு இருந்தவர். அவர்கள் அந்த மண்ணில் கிணறு வெட்டினார்கள், கோயில் எழுப்பினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே குடியிருந்தார்கள். இணையத்தில் பெயரைப் பிடிப்பவர் ஒரு செங்கல்லும் வைப்பதில்லை. அடுத்தவர் உழைத்து ஈட்டிய நற்பெயரின் வாசலில் சங்கிலி போட்டுவிட்டுக் காசுக்குக் காத்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லா? நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை யாராவது ஆக்கித் தந்தால் நன்றாயிருக்கும். அதுவரை நான் 'பெயர்ப் பதுக்கல்' என்று எழுதுகிறேன். அரிசியைப் பதுக்குவது எப்படி என்று நமக்குத் தெரியும்.

இந்தப் பதுக்கலுக்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் டென்னிஸ் டோப்பென் என்பவர் 1995இல் திரைப்படக் கருவி நிறுவனமான பானாவிஷனின் பெயரைப் பதிந்துகொண்டார். ஏனென்று கேட்டால், இல்லினாய் மாநிலத்திலுள்ள பானா என்ற சிற்றூரின் படங்களைப் போட்டு வைத்திருக்கிறேன் என்றார்! விட்டுக்கொடுக்க 13,000 டாலர் கேட்டார். அவரிடம் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பானாவிஷன் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். நம் நாட்டிலும் பெட்ரோனாஸ் நிறுவனம் தன் பெயர் கலந்த முகவரிகளைப் பதிந்தவர் மீது வழக்குத் தொடுத்து, 2003இல் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது.

ஆனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே தீர்க்க ஒரு வழி 1999இல் பிறந்தது. இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் என்ற அமைப்பு ஒரு பொதுத் தகராறு விதியை ஏற்றுக்கொண்டது. டாட் காம் பெயரைப் பதிகிற எவரும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே பதிகிறார். முறையீடு செய்பவர் மூன்றை நிறுவ வேண்டும். ஒன்று, அந்தப் பெயர் தமக்கு உரிமையுள்ள வணிகச் சின்னத்தைப் போலவே இருக்கிறது. இரண்டு, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமையோ நலனோ இல்லை. மூன்று, அவர் அதைத் தீய எண்ணத்தோடு பதிந்து, தீய எண்ணத்தோடு பயன்படுத்துகிறார். மூன்றும் வேண்டும். வென்றால் பெயர் கைக்கு வரும், அல்லது அழிக்கப்படும். இழப்பீடு என்று ஒரு காசும் கிடைக்காது. இதன்கீழ் முதல் தீர்ப்பு 2000ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. நம்மில் பலர் சிறுவயதில் பார்த்த மல்யுத்த நிகழ்ச்சியின் நிறுவனம்தான் முறையிட்டது. பெயரைப் பதிந்தவர் மூன்றே நாளில் அதை அந்த நிறுவனத்திடமே ஆயிரம் டாலருக்கு விற்கப் பார்த்திருக்கிறார். தீய எண்ணத்துக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு இத்தகைய முறையீடுகளை விசாரிக்கிறது. 2023இல் மட்டும் அங்கே 6,000-க்கும் மேற்பட்ட முறையீடுகள் போயின. ஒரே நடுவர் விசாரிக்க 1,500 டாலர் கட்டணம். அன்றைய கணக்கில் ஏழாயிரம் ரிங்கிட். வழக்கறிஞர் செலவு தனி. நம் நாட்டு டாட் மை பெயர்களுக்குத் தனி விதி உண்டு. அந்தத் தகராறுகளைக் கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் பார்க்கிறது. 2018 வரை அதன் பெயர் கோலாலம்பூர் வட்டார நடுவர் மையம். நம் விதியில் ஒரு சின்ன வேறுபாடு இருக்கிறது. தீய எண்ணத்தோடு பதிந்திருந்தாலும் போதும், பயன்படுத்தியிருந்தாலும் போதும். இரண்டையும் நிறுவ வேண்டியதில்லை. சிறு வணிகருக்கு இது பெரிய உதவி. எங்கள் பெயர்தான் டாட் மை பெயராக இல்லையே!

இனி எங்கள் வழக்குக்கு வருகிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் எங்களுக்குச் சாதகம் என்றே தோன்றியது. கிராணி எழுதிய அந்த விநோத எழுத்துக்கூட்டலை உலகில் வேறு யாரும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. எங்கள் வாடிக்கையாளர் வந்து விழுவார்கள் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு மதிப்பே இல்லை. ஆனால் முதல் படியிலேயே இடறியது. அத்தை வணிகச் சின்னத்தைப் பதியவில்லை. "நாந்தான் எஸ்.எஸ்.எம்.ல பேரு பதிஞ்சிருக்கேனே தம்பி, வருஷா வருஷம் அறுபது வெள்ளி கட்டுறேனே" என்றார். நம் வணிகர்களில் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நிறுவன ஆணையத்தில் பதிவது வணிகம் நடத்த உரிமம். அந்தப் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை அதில் வராது. அதற்கு மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வகைப் பொருளுக்கு ஆயிரம் ரிங்கிட் அளவில் ஆகும். பத்தாண்டுக்குச் செல்லும், மீண்டும் புதுப்பிக்கலாம்.

பதியாத சின்னத்துக்கும் உரிமை கேட்கலாம் என்று படித்தேன். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே மக்களுக்கு இந்தக் கடைதான் நினைவுக்கு வரும் என்று சான்றோடு காட்ட வேண்டும். ஆண்டுவாரியாக விற்பனைக் கணக்கு, விளம்பரம், நாளிதழ்ச் செய்தி, கடைகளுக்குக் கொடுத்த பில். அத்தையின் பில் புத்தகங்கள் பிஸ்கட் டின்களில் இருந்தன. 2006க்கு முந்தியவற்றைக் கரையான் தின்றுவிட்டது. நாளிதழில் 2011இல் ஒருமுறை தீபாவளிச் சிறப்பிதழில் படம் வந்ததாம்; அந்தத் தாளில் யாரோ வடையைச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் அக்கா ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. பத்தாயிரத்துக்கு மேல செலவாகும்" என்றார். வெல்லாவிட்டால் அந்தப் பத்தாயிரமும் போய், பெயரும் போய்விடும்.

அப்படியானால் 2,800 டாலரைக் கட்டி வாங்கிவிடலாமா? வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. மாமாவுக்கு வாங்கிவிடலாம் என்றிருந்தது. நான் வேண்டாம் என்றேன். இன்றும் அதையே சொல்வேன். கொள்கை பேசுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அகப்பக்கம் வழியாக அத்தைக்கு மாதம் வருகிற ஆர்டர் ஐந்தாறுதான். மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் கடைகள் வழியாகவும் வருகிறது. பதின்மூவாயிரம் ரிங்கிட்டில் பட்டறைக்கு ஒரு பொட்டலமிடும் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டலாம். இன்னொன்று, ஒருமுறை பணம் கொடுத்துவிட்டால் இந்தக் கடை கொடுக்கும் என்று தெரிந்துவிடும். ஒற்றை எழுத்து மாற்றிய பெயர், டாட் நெட், டாட் ஆர்க் என்று அடுத்தடுத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? தமிழ்ப் பெயருக்கு ஆங்கில எழுத்தில் எத்தனை உருவம்! ழகரத்துக்கு 'இசட் எச்' போடுகிறவர் உண்டு, ஒற்றை 'எல்' போடுகிறவர் உண்டு. நெடிலுக்கு இரண்டு 'ஏ', ஒரு 'ஏ'. எல்லாவற்றையும் விலை கொடுத்து மீட்கக் கிளம்பினால் முறுக்குக் கடை தாங்காது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நாட்டுப் பெயரையே தமிழ் எழுத்தில் முடிவாகக் கொண்ட இணைய முகவரிகள் உண்டு. நம் நாட்டுக்கு ஜாவி எழுத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. இருந்திருந்தால் கிராணியின் எழுத்துக்கூட்டலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டோம்.

வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதால், பெயரை வைத்திருப்பவர் எல்லாரும் திருடர் என்று நான் கருதுவதாக நினைக்கக் கூடாது. அப்படி நினைப்பது அநியாயம். யுசி நிசான் என்ற அமெரிக்கரின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். தம் கணினிக் கடைக்காக 1994இல் நிசான் டாட் காம் பெயரைப் பதிந்தார். 1999இல் அதே பெயருள்ள கார் நிறுவனம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பல ஆண்டு இழுத்தது. அவர் கையிருப்பெல்லாம் கரைந்தது. கடைசியில் பெயர் அவரிடமே இருந்தது. 2020இல் அவர் கோவிட் நோயால் இறந்தார். அங்கே பறிக்கப் பார்த்தது பெரிய நிறுவனம், பெயருக்கு உண்மையான சொந்தக்காரர் சின்னவர். நமக்கு வேண்டிய பெயர் இன்னொருவரிடம் இருக்கிறது என்பதாலேயே அது நம்முடையதாகிவிடாது. ஈப்போவில் ஒரு தையல்காரர் தம் மனைவியின் பெயரில் வைத்திருக்கலாம். முதலில் அந்தப் பக்கத்தின் பழைய உருவத்தை இணையக் காப்பகத்தில் பார்க்க வேண்டும். உண்மையில் பயன்படுத்துகிறவர் என்றால் மரியாதையாக ஒதுங்கி வேறு பெயர் தேட வேண்டியதுதான். தகராறு விதியிலேயே இதற்கும் இடமிருக்கிறது. உரிமையில்லாமல் பிறர் பெயரைப் பறிக்க முறையீடு செய்தால், அது தவறான நோக்கம் என்று நடுவர் தீர்ப்பில் எழுதிவிடலாம்.

என் வகுப்பில் ஒரு நண்பர் இருக்கிறார். கெட்டிக்காரர், எனக்கு நெருக்கமானவர். அவரிடம் பதினான்கு இணையப் பெயர்கள் இருக்கின்றன. "நெலம் வாங்கிப் போடுற மாதிரிதான் லா. விலை ஏறுனா வித்துடுவேன்" என்பார். எல்லாவற்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். பழம், மழை, பயணம் என்று பொதுச்சொல்லாக வாங்கி வைத்து விற்றால் அது வணிகம். முதலில் வந்தவருக்கு முதலில். ஆனால் அந்தப் பதினான்கில் ஒன்று, அவருடைய ஊரில் புதிதாகத் திறந்த ஒரு சேலைக் கடையின் பெயர். கடைக்கு முன்னால் பதாகை கட்டிய அன்றே போய்ப் பதிந்திருக்கிறார். அந்தப் பெயரின் மதிப்பு எங்கிருந்து வருகிறது? நண்பரின் மூளையிலிருந்து வரவில்லை. கடன் வாங்கிக் கடை திறந்த அந்த அம்மாவின் உழைப்பிலிருந்து வருகிறது. நிலம் வாங்கிப் போடுகிறவர் வேறொருவரின் வீட்டு வாசலை வாங்கிப் போடுவதில்லையே என்றேன். "அவங்க முன்னாடியே பதிஞ்சிருக்கணும்" என்றார். பூட்டாத வீடு என்றால் உள்ளே போகலாமா என்று கேட்டேன். சிரித்தார். இன்னும் அந்தப் பெயர் அவரிடம்தான் இருக்கிறது. இந்த இதழ் அவர் கைக்கும் போகும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னமே பதிந்திருக்க வேண்டும்தான். நம் சிறு வணிகர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. பெயரைத் தேர்ந்தெடுத்த அன்றே, கடைக்குப் பதாகை எழுதும் முன், முகநூலில் போடும் முன், பெயரைப் பதிய வேண்டும். வடிவமைப்பவர் யாராக இருந்தாலும் பதிவு உரிமையாளர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். ஓராண்டுக்குக் கட்டாமல் ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். இதற்கு இயந்திரவியல் பட்டம் வேண்டாம். ஒரு மதியம் போதும்.

அந்த மதியத்தை யார் கொடுப்பது? இங்கேதான் நம் மொழிக் கழகங்களின் மீது எனக்கு ஒரு குறை. ஆண்டுதோறும் தன்முனைப்புப் பட்டறை நடத்துகிறோம், நாடக விழா நடத்துகிறோம், பட்டிமன்றத்தில் 'இணையம் தமிழை வளர்க்கிறதா, அழிக்கிறதா' என்று மூன்றாவது முறையாக மோதுகிறோம். வளர்க்கிற பக்கத்தில் நானும் பேசியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வளாகத்துக்கு வெளியே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பூக்கடைக்காரரின் பெயர் யாரிடம் பதிவாகியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நாம் நல்ல ஆங்கிலமும் மலாயும் படித்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்ததால், படிவத்தில் உள்ளதை அத்தைகளுக்குத் தமிழில் விளக்கவும் தெரியும். இந்த இரண்டும் ஒன்றாக உள்ளவர் நம் கழகத்தில் ஐம்பது பேராவது இருப்போம். ஒரு சனிக்கிழமை, மடிக்கணினியோடு ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தால் முப்பது கடைக்காவது செய்து முடிக்கலாம்.

"இப்பல்லாம் எல்லாம் முகநூலும் டிக்டாக்கும்தான், அகப்பக்கம் யாருக்கு வேணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. முகநூல் பக்கம் பிறர் வீட்டுத் திண்ணை. இன்று உட்கார விடுவார்கள், நாளைக்குக் காரணம் சொல்லாமல் எழுப்பிவிடுவார்கள். அதோடு, பேரங்காடிக்குச் சரக்குக் கொடுக்கப் போனால் சொந்தப் பெயரில் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அத்தையிடம் அப்படித்தான் கேட்டார்கள்.

கடைசியில் என்ன செய்தோம்? டாட் காமை விட்டோம். அத்தையின் பெயரில், அத்தையின் மின்னஞ்சலில், டாட் காம் டாட் மை எடுத்தோம். அது மலேசியாவில் பதிவு பெற்ற வணிகங்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், உலகின் எந்த மூலையிலோ இருக்கும் கணினி அதைப் பாய்ந்து பிடிக்க முடியாது. வணிகச் சின்னத்துக்கும் விண்ணப்பித்தோம். படிவத்தில் பாட்டியின் பெயரை எழுதும்போது, கிராணி போட்ட அந்த உபரி 'எச்'சை எடுத்துவிடலாமா என்று மச்சான் கேட்டார். அத்தை முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அடங்கியது.

பழைய முகவரி அச்சடித்த பாக்கெட்டுகள் ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம் இருந்தன. தூக்கிப்போட அத்தைக்கு மனமில்லை. அந்தப் பருவ விடுமுறை முழுதும் நானும் தங்கையும் பட்டறையில் உட்கார்ந்து, சூதாட்டப் பக்கத்துக்குப் போகும் அந்த வரியின்மேல் புது முகவரி ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக ஒட்டினோம். முறுக்கு பிழிய எனக்கு இன்றும் வராது. ஸ்டிக்கர் ஒட்டுவதில் மணிக்கு இருநூறு என் கணக்கு.

போன வாரம் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன். சக்கரங்களைக் காணோம், வெறும் வெள்ளைப் பக்கம், விற்பனைக்கு என்ற வரி மட்டும். விலை 1,900 டாலர். அத்தையிடம் சொன்னேன். "இன்னும் எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.